கிளச் பேரிங்கும் ஓர் அங்குல இடைவெளியும்

1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே பெர்குசன் 35 என்னும் உழவு இயந்திரம் உற்பத்தியாகத் தொடங்கிற்று. பின்னர் அது மசி பெர்குசன் என்ற பெயரைப் பெற்றது. 1964இல் அதன் வழித்தோன்றலாக 135 வெளிவந்தது. இவ்வகைப் பழைய இயந்திரங்களை வைத்துப் பேணிவரும் கமக்காரருக்கு, அவற்றின் உள்ளே மறைந்து கிடக்கும் ஒரு சிறு உறுப்பைப்பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். கிளச்சை விடுவிக்கும் பேரிங்கே அவ்வுறுப்பு.

சாரதி கிளச் மிதியை அழுத்தும்போது, உள்ளேயுள்ள கவர் ஒன்று இந்தப் பேரிங்கை முன்னோக்கித் தள்ளுகின்றது. பேரிங் சென்று, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கிளச்சின் விரல்களை அழுத்துகின்றது. கவரோ சுழலாதது, விரல்களோ நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் தடவை சுழல்பவை. அசையாததற்கும் சுழல்வதற்கும் நடுவே நின்று அழுத்தத்தைத் தாங்குவதுதான் இதன் தொழில். மிதியை விட்டவுடன் பேரிங் பின்வாங்கி, விரல்களைத் தொடாது ஓய்ந்திருத்தல் வேண்டும். சில கணங்கள் உழைத்து நெடுநேரம் ஓய்வதற்கென்றே அது செய்யப்பட்டது.

அந்த ஓய்வை நாம் கொடுக்கின்றோமா? சேற்று வயலிலே கால் எப்போதும் மிதியின் மேலேயே இருக்கின்றது. கூட்டு அறுவடை இயந்திரங்கள் பரவுமுன், களத்திலே சூட்டின்மீது உழவு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல் பிரித்த நாட்களிலும் கால் அங்கேதான் இருந்தது. காலின் பாரம் சிறிது பட்டாலே போதும். பேரிங் இடைவிடாது சுழன்று சூடேறும். சூட்டிலே கிறீஸ் இளகி வெளியேற, உள்ளிருக்கும் குண்டுகள் வறண்டு தேயும்.

பேரிங் தேய்ந்தால் இழப்பு அதன் விலையோடு நிற்பதில்லை. அதனை மாற்றுவதற்கு எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பிரித்து, இயந்திரத்தையே இரண்டாக்க வேண்டும். காலபோக உழவு வேளையில் இது நேர்ந்தால், கராச்சிலே இயந்திரம் கிடக்க, வயலிலே ஈரம் போய்விடும்.

இனிக் கிறீஸ் இடும் விடயம். எல்லாப் பேரிங்குகளுக்கும் கிறீஸ் இடலாகாது. சில இயந்திரங்களில் இருப்பது கரி வளையம். அதற்குக் கிறீஸ் வேண்டியதேயில்லை. சிலவற்றில் உற்பத்திசெய்தவரே கிறீஸ் அடைத்து மூடிய பேரிங் உண்டு. அதனை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் கழுவுவது உள்ளிருக்கும் கிறீஸைக் கரைத்துவிடும். மூன்றாவது வகைக்கு மட்டுமே கிறீஸ் நிப்பிள் உண்டு. பெரும்பாலும் கிளச் அறையின் சிறு மூடியைக் கழற்றினால் அது தென்படும். எஞ்சினை நிறுத்தி, மின்கல இணைப்பையும் கழற்றிய பின்னரே அங்கே கையை நுழைக்கவேண்டும்.

கிறீஸ் கன்னைக் கையில் எடுத்துவிட்டால், வழிய வழிய ஊட்டுவதே அக்கறை என்று கருதுவோர் நம்மிடையே மிகப் பலர். மற்ற இடங்களில் அது வீண்செலவு, இங்கேயோ பெருங்கேடு. மிகுதியான கிறீஸ் சுழற்சியினால் வீசப்பட்டுக் கிளச் தட்டிலே படியும். பிறகு தட்டு வழுக்கும். எஞ்சின் இரைய, கலப்பை நகராது. கைநூல் வேறு அளவு சொல்லாவிடின், வெப்பத்தைத் தாங்கும் கிறீஸை ஓரிரு அழுத்தங்கள் செலுத்தினால் போதும். மேலே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுக. கவரின் குறுக்குத் தண்டுக்கு வெளியே நிப்பிள்கள் இருந்தால் அவற்றையும் மறக்கவேண்டாம்.

பேரிங் கெட்டுவருவதைக் காதே சொல்லும். எஞ்சின் ஓடும்போது மிதியை மெல்ல அழுத்திய உடனே கீச்சென்றோ உறுமியோ ஓசை எழுந்து, மிதியை விட அது நின்றால், இந்தப் பேரிங்கையே முதலில் ஐயுறவேண்டும். மாறாக, மிதியை விட்டிருக்கும்போது கேட்கும் ஓசை, அழுத்தியதும் மறைந்தால், கோளாறு கியர்ப்பெட்டிப் பக்கத்தில் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை அறியாது இயந்திரத்தைப் பிரிப்பது வீண் வேலை.

கிளச் அறையின் அடியிலே பல இயந்திரங்களுக்கு ஒரு சிறு துவாரம் உண்டு. சேறு அதனை அடைத்தால், உட்புகுந்த நீர் அங்கேயே தங்கிப் பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். அத்துவாரத்திலிருந்து எண்ணெய் சொட்டினால், எஞ்சினின் பின்புறத்திலோ கியர்ப்பெட்டியின் முன்புறத்திலோ எண்ணெய்த் தடுப்பு பழுதென்று கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது மிதியின் வெற்று அசைவு. பல பழைய இயந்திரங்களில் இது முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை இருக்கும். தத்தம் இயந்திரத்தின் கைநூல் கூறுவதையே கொள்க. கிளச் தட்டு தேயத் தேய விரல்கள் பின்னோக்கி வந்து, இந்த இடைவெளி தானாகவே சுருங்கும். முற்றாக மறைந்துவிட்டால், சாரதி காலை எடுத்தாலும் பேரிங்குக்கு ஓய்வில்லை. எவ்வளவு கிறீஸ் இட்டும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் அடிமட்டம் ஒன்றை வைத்து அளந்து, இணைப்புக் கம்பியின் சுரையைத் திருப்பிச் சரிசெய்க. அளக்கும்போது மிதியைக் கையினாலேயே அழுத்தவேண்டும். பேரிங் விரல்களைத் தொடும் இடத்தில் மிதி சட்டென்று கனப்பதைக் கை உணரும். காலுக்கு அது தெரியாது.