கைவழிக் கல்வி
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளி விட்டபின் மாலை வேளையிற் சிறார்க்குக் கருவியமைக்கும் பயிற்சி அளித்தல் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தனர். தமிழாசிரியனுக்கு இதில் என்ன உரிமை என வினவுவாரும் உளர். நெம்புகோலின் இலக்கணத்தைப் பிழையற ஒப்பிக்கும் மாணாக்கன், ஆடுகின்ற பலகைக்கு ஓர் ஆப்புச் செருக அறியாது விழித்தலை நாடோறும் காண்பவன் யான். அவ்வுரிமை போதும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமென அஞ்சுவோர் வடபுலத்து முயற்சியொன்றைக் கேட்பாராக. 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், செய்து பார்த்து அறிவியல் கற்கும் திட்டம் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிற்று. கான்பூர் ஐ.ஐ.டி.யிற் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-இல் அங்குச் சென்று கையாண்டவை தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபுமே. மருந்தைச் சுரண்டி நீக்கிய குச்சிகளைச் சிறு டியூப்த் துண்டின் இருபுறமும் செருகினால் மூட்டாயிற்று. மூன்று குச்சியால் முக்கோணம் அமைத்து விரலால் தள்ளுக, அசையாது. நான்கால் சதுரம் அமைத்துத் தள்ளுக, சாய்ந்துவிடும். இரும்புப் பாலங்களிற் குறுக்குச் சட்டங்கள் ஏன் என்பதைச் சிறுமியொருத்தி தன் விரலாலேயே உணர்வாள்.

இவ்விடத்திற்றான் பயிற்றுவோர்க்குச் சோதனை. "குறுக்கே ஒரு குச்சி வை" என உடனே சொல்லிவிடின், அவள் கண்டுபிடிப்பை நாம் கவர்ந்தோமாவோம். வாளாவிருந்தால் அவளே வைப்பாள். அளவொத்த குச்சியாயின் சதுரம் சாய்சதுரமாய் நின்றுவிடும். சதுரமாகவே நிற்க எத்துணை நீளம் வேண்டுமெனத் தேடத் தொடங்குவாள். பைதகோரசின் தேற்றம் அதன்பின் அவளுக்குக் கசக்குமோ?

நிற்க. 2016-இல் மைய அரசினர் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், தேர்வுற்ற பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை வழங்க வகையுண்டு. 6 முதல் 12 வரையுள்ள வகுப்பினர்க்கு உரியது. நற்செயலே. எனினும், உடைந்துவிடுமென்று பூட்டிவைத்த கருவியினும், உடைந்தாலும் வருந்தாத தீக்குச்சி மேலென்பது என் துணிபு.

கைத்தொழிலைக் கடந்து மேலேறிவிட்டோமெனக் கருதி, திருப்புளி தொட்ட மகனைக் கடியும் பெற்றோர் நம்மிடையும் உளர். அதே வேளை கடைசற் பட்டறையினரும், தச்சரும், மோட்டாருக்குக் கம்பி சுற்றுவோரும் இவ்வவையிலேயே அமர்ந்துள்ளனர். திருமணமில்லா நாட்களிற் சங்க மண்டபம் வறிதே கிடக்கின்றது. சனிக்கிழமைதோறும் மாலை இரண்டு மணி நேரம் வரவல்லார் இன்றே செயலாளரிடம் பெயர் தருக. பெண்மக்களையும் தவறாது அனுப்புக. பழுதான கடிகாரமோ வானொலிப் பெட்டியோ இருப்பிற் கொணர்க. முதலாண்டில் வீட்டு மின்சாரத்தில் எதனையும் இணைக்கவிடலாகாது. டார்ச்சு விளக்குக்குரிய பாட்டரி போதும்.