மாசி வெயிலும் நம் உடையும்

(மாசி மாதம் கல்லாற்றில் கூடிய மூத்த உறுப்பினர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"ஸார், நீங்கள் பௌதிகம் படித்தவர், பருவத்துக்கேற்ற உடை பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பி.எஸ்ஸி. முடித்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் சர்க்கார் கோப்புகள்தான். இருந்தாலும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசை.

காலையில் கோட்டையிலிருந்து பஸ் கிளம்பும்போது எண்ணிப் பார்த்தேன். பதினொரு மஃப்ளர், நான்கு குரங்குக் குல்லா. டில்லியிலிருந்து வந்திருக்கும் இருவர் ஸ்வெட்டரில். இப்போது மணி பதினொன்றரை. மஃப்ளரெல்லாம் மடியில் கிடக்கிறது, ஸ்வெட்டர் மட்டும் இன்னும் கழற்றப்படவில்லை! சாப்பிட்டுவிட்டு இங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி, சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஒரே நாளில் மூன்று சீதோஷ்ணம் பார்க்கப் போகிறோம்.

சிவராத்திரியோடு பனி "சிவ சிவ" என்று போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பனி போய்விடும், சரி. ஆனால் உடம்பு அன்றைக்கே மாறிக்கொள்வதில்லை. வெயிலுக்குப் பழக அதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை வேண்டும். அந்த நாட்களில்தான் வியர்வை சீக்கிரமாகவும் நிறையவும் சுரக்கக் கற்றுக்கொள்கிறது, ரத்தத்தில் நீரின் அளவு கூடுகிறது, வியர்வையில் வீணாகும் உப்பு குறைகிறது. ஆகவே சித்திரைக் கத்திரியை விட, மாசியின் முதல் வெயிலிலேயே நாம் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு வியர்ப்பதும் தாமதம், தாகம் தெரிவதும் தாமதம். நம்மில் பலர் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை, நாடித் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இவையும் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கக்கூடும். அதற்காக மாத்திரையை நாமே நிறுத்திவிடக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.

என் அத்திம்பேர் விஷயத்தைச் சொல்கிறேன். 2019 மார்ச்சில் ஒரு உபநயனத்துக்காக டில்லியிலிருந்து விமானத்தில் வந்தார். அப்போது வயது 76. மறுநாள் காலை, வழக்கம்போல உள்ளே ஒரு கம்பளி பனியன், மேலே டெரிகாட்டன் ஜிப்பா. "குளிர்காலம் முடியும்வரை இதைக் கழற்றினால் சளி பிடிக்கும்" என்பது அவர் சித்தாந்தம். பந்தலில் ஹோமப் புகை, கூட்டம், மின்விசிறி இல்லை. பதினோரு மணிக்கு முகம் வெளுத்து அப்படியே சாய்ந்தார். பனியனைக் கழற்றி, ஈரத்துண்டால் துடைத்து, விசிறியதில் பிழைத்தார். பேச்சு குழறாமல் நினைவோடு இருந்தது அதிர்ஷ்டம். உடம்பு அனலாகக் கொதித்து, ஆள் உளற ஆரம்பித்தால் அது வெப்ப மூர்ச்சை. தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முன்பெல்லாம் கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் பயணம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, போபாலில் ஸ்வெட்டர், நாகபுரியில் முழுக்கை பனியன், விஜயவாடாவில் சட்டைப் பொத்தான் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவோம். இப்போது மூன்றரை மணி நேரத்தில் ஒரு பருவத்தையே தாண்டிவிடுகிறோம். பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் வெளியூர் உறுப்பினர்கள் இதை யோசிக்க வேண்டும். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறோமோ அந்த ஊர் உடை வழிக்கு. இறங்கும் ஊர் உடை கைப்பையில், பெரிய பெட்டிக்குள் அல்ல.

இனி பௌதிகம். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணம் வேண்டும். அது பெரும்பாலும் நம் தோலிலிருந்து போவதால்தான் குளிர்ச்சி. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பிரயோஜனம் இல்லை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஆவியாவதே கஷ்டம், ஆகவே துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நடமாட வேண்டும். நூறு கிராம் பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே எட்டு கிராம் அளவு ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. பருத்திக்கும் ஒரு குறை உண்டு. தொப்பலாக நனைந்தால் சீக்கிரம் உலராது. ஆகவே பையில் மாற்று பனியன் ஒன்று இருக்கட்டும். இங்கே ஆற்றில் குளித்தவர்கள் ஈர வேஷ்டியோடு பொன்முடி ஏறாதீர்கள். மேலே காற்று பலம், அதே 580 கலோரிக் கணக்கு அங்கே எதிராக வேலை செய்யும்.

வெள்ளைத் துணிதான் வெயிலுக்கு உகந்தது என்போம். பாலைவன பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி போடுகிறார்களே என்று சில விஞ்ஞானிகள் சோதித்து, 1980-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். கறுப்பு அங்கி அதிக வெயிலை உறிஞ்சியது உண்மை. ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால் அந்த உஷ்ணம் தோலை எட்டும் முன்பே காற்றோடு போய்விட்டது. உடம்பில் சேர்ந்த உஷ்ணம் இரண்டு நிறத்திலும் ஒன்றுதான். நிறத்தைவிடத் தொளதொளப்பு முக்கியம் என்று அர்த்தம். வேஷ்டியும் அங்கவஸ்திரமும் கட்டிய நம் தாத்தாக்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இன்று கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளைக்குக் கோட்டு, டை. மண்டபத்தில் ஏ.ஸி. இருக்கலாம், வாசலில் வரவேற்க நிற்கும் பெண்ணின் அப்பாவுக்கு?

சர்க்கார் விழித்துக்கொண்டுவிட்டது. 2025-ல் கேரளத் தொழிலாளர் துறை பிப்ரவரி மாதமே, வெயிலில் வேலை செய்பவர்களுக்கு உச்சிவேளை ஓய்வுக்கு உத்தரவு போட்டது. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றமே, கீழ்க்கோர்ட்டுகளில் வெயில் காலம் முடியும்வரை வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டும் கவுனும் கட்டாயமில்லை என்றது. கோர்ட்டே இளகிய பிறகு ரிசப்ஷன் கோட்டு இளகக்கூடாதா?

மாமிகளுக்கு ஒரு வார்த்தை. ஆற்றுக்கால் பொங்கல் வருவது சரியாக இந்த மாசியில்தான். 2009-ல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. தலைக்கு மேல் வெயில், எதிரே அடுப்பு. அங்கே கட்டிக்கொள்ள வேண்டியது பருத்திப் புடவை. பாலியெஸ்டரில் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

அடுத்து மாசியும் பங்குனியும் கூடும் நாளில் காரடையான் நோன்பு. கனத்த ஜரிகைப் பட்டில் இட்லிப் பானை ஆவிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பது இருபத்தைந்து வயதில் சரி, எழுபதில் வேண்டாம். முதல் நாள் நனைத்து, கொடியில் தனியாக உலர்த்திய பருத்தி ஒன்பது கஜமும் மடிதான். என் பாட்டி அப்படித்தான் கட்டிக்கொள்வாள். பூஜைக்கு உட்காரும்போது வேண்டுமானால் பட்டுக்கு மாறிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இது அமலுக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. அடை நன்றாகவே வருகிறது.