வாரத்தில் ஒரு மாலை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தினத்தன்று ஆற்றிய உரை)

 

கணவனும் மனைவியும் சேர்ந்தே மேடை ஏற வேண்டும் என்று பங்குத் தந்தை கேட்டுக்கொண்டார்கள். எழுதியது இருவர், வாசிப்பது ஒருவர். ஆகவே இவ்வுரையில் வரும் 'நாங்கள்' வெறும் மரியாதைப் பன்மை அல்ல!

நம்மில் பலருக்கு இந்தக் கோவிலில்தான் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இந்தப் பீடத்தின் முன்தான் வாக்குக் கொடுத்தோம். அப்போது நம் இருவரையும் ஒன்று சேர்த்து வைக்க எத்தனை பேர் பாடுபட்டார்கள்! திருமணம் முடிந்த பிறகும் மறுவீடு, விருந்து, வேளாங்கண்ணிப் பயணம் என்று சில மாதங்கள் சோடியாகவே நம்மை அனுப்பி வைத்தார்கள். முதற்குழந்தையின் ஞானஸ்நானத்தோடு அதெல்லாம் ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் கணவனும் மனைவியும் பேசுவதில்லையா? பேசுகிறோம். சிலிண்டர் வந்ததா, பள்ளிக்கூடக் கட்டணம் எப்போது, சீட்டுப் பணம் யார் கட்டுவது, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதலாம் என்று தினமும்தான் பேசுகிறோம். அவசியமான பேச்சுதான், தவறில்லை. ஆனால் ஒரே கடையை நடத்தும் இரு பங்காளிகளும் இப்படித்தானே பேசிக்கொள்வார்கள்?

அன்பியக் கூட்டங்களுக்காக வீடு வீடாகச் சென்றபோது நாங்கள் கண்டது இதுதான். கடைசி மகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் வெளியூரில். வீட்டில் இருவர், நடுவில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. "சாப்பாடு போடவா?" என்பதும் "ம்" என்பதும் தவிர அன்றைக்கு அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. சண்டை இல்லை. வழக்கு மன்றத்துக்குப் போகவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு ஒழுங்காக வருகிறார்கள். பங்கின் கணக்கில் அவர்கள் நல்ல குடும்பம். முப்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவர் மனம் மற்றவருக்குத் தெரியாத வெளியூராகிவிட்டது. சச்சரவுள்ள வீட்டுக்காவது நாலு பேர் சமாதானம் பேசப் போவார்கள். இந்த மௌனத்தை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் இந்த விழா நாளில் இதைப் பேசத் துணிந்தோம்.

இதற்கு மருந்து புதியதல்ல. இணைச்சட்ட நூல் 24-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. புதிதாக மணமுடித்தவனைப் போருக்கு அனுப்பக்கூடாது. ஓராண்டு காலம் அவன் வீட்டிலிருந்து தன் மனைவியை மகிழ்விக்க வேண்டும். படைக்கு ஆள் தேவைப்பட்ட அந்தக் காலத்திலேயே கணவன் மனைவிக்கென்று நேரத்தைச் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். வேலை முடிந்து மிஞ்சும் நேரத்தைக் கொடுத்தால் போதும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

நம் காலத்துக்கு அருகில் வருவோம். பாரீஸ் நகரில் 1939-இல் ஹென்றி கஃபரேல் என்ற இளங்குருவைச் சுற்றி நான்கு இளந்தம்பதியர் கூடத் தொடங்கினார்கள். அன்னை மரியாவின் குழுக்கள் என்று இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் இயக்கத்தின் தொடக்கம் அது. அவர் 1945-இல் தம் பத்திரிகையில் தம்பதியர் மறந்துவிட்ட கடமை ஒன்றைப் பற்றி எழுதினார். என்ன கடமை தெரியுமா? உட்காரும் கடமை! லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று ஆண்டவர் கேட்கிறார். ஆண்டவர் அங்கே சொல்வது சீடத்துவத்தைப் பற்றி. கஃபரேல் அடிகளார் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டத் தொடங்கிய பிறகும் அவ்வப்போது உட்கார்ந்து, கட்டிடம் நேராக எழும்புகிறதா, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று ஆண்டவர் முன்னிலையில் இருவரும் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். மாதம் ஒருமுறை இப்படி அமர்வது அந்தக் குழுக்களில் இன்றும் ஒரு கடமை.

பின்பு 1962-இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில் கபிரியேல் கால்வோ அடிகளார் 28 தம்பதியரோடு முதல் வார இறுதிப் பயிற்சி நடத்தினார். இதுவே 'மேரேஜ் என்கவுண்டர்' இயக்கமாக வளர்ந்தது. அதில் பழக்கும் முறை எளிது. பத்து நிமிடம் ஒருவருக்கொருவர் மனதிலுள்ளதை நோட்டில் எழுதுவது, பத்து நிமிடம் அதை மாற்றி வாசித்துப் பேசுவது. வாய் திறந்து சொல்ல வராத ஆண்களுக்கு இது பெரிய உதவி. எழுத்து குரலை உயர்த்தாது அல்லவா!

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இத்தகைய மாலையை 'டேட் நைட்' என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஓட்டலும் சினிமாவும் இதற்குக் கட்டாயமில்லை. சினிமாவில் மூன்று மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பலாம். எங்களுக்கு வியாழக்கிழமை மாலை, ஏழு முதல் எட்டரை வரை. சில வாரம் மொட்டை மாடி, சில வாரம் கெபிக்கு முன் உள்ள திண்ணை, சில வாரம் கடைத்தெரு வரை நடந்து போய் ஆளுக்கொரு காபி. கைபேசி வீட்டில் இருக்கும். கணக்கு நோட்டும் வீட்டில் இருக்கும். ஒரு பரலோக மந்திரம் சொல்லித் தொடங்குவோம். பிறகு ஒரே கேள்வி. "இந்த வாரம் உனக்கு எது பாரமாக இருந்தது?" அவளும் அதையே திருப்பிக் கேட்பாள். "உங்களுக்கு எது பாரமாக இருந்தது?" பதிலைக் கேட்டவுடன் ஆலோசனை சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. ஆண்களுக்கு இது கடினமான நோன்பு, தவக்காலத்து ஒருசந்தியைவிடக் கடினம்!

புதிதாகத் தொடங்குவோருக்கு முதல் சில வாரங்கள் பேச்சே வராமல் போகலாம். பரவாயில்லை, சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள். கிழமையை மட்டும் மாற்றாதீர்கள். "நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்" என்றால் அது ஒருநாளும் கிடைக்காது. ஞாயிறு திருப்பலியை நேரம் கிடைத்தால் என்றா வைத்திருக்கிறோம்? திருத்தந்தை பிரான்சிசும் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலில், அன்புக்கு நேரமும் இடமும் வேண்டும், அவசரமின்றிப் பேசவும் கேட்கவும் காலம் ஒதுக்க வேண்டும் என்று தம்பதியருக்கு வற்புறுத்தியிருக்கிறார்.

குடியும் அடியும் உள்ள வீட்டில் இந்த மாலை நேரம் மருந்தாகாது. அங்கே முதலில் பாதுகாப்பும் உதவியும் வேண்டும். அந்தச் சகோதரிகள் பங்குத் தந்தையிடமோ அருட்சகோதரிகளிடமோ தயங்காமல் வர வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் சகோதரர்களின் மனைவியர், எங்களுக்கு இது எப்படி நடக்கும் என்று கேட்கலாம். 2015 அக்டோபர் 18 அன்று ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்ற லூயி, செலி மார்ட்டின் தம்பதியரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுமலர் தெரசம்மாளின் பெற்றோர். செலியம்மாள் சரிகைப் பின்னல் தொழில் நடத்தினார். அந்த வியாபாரத்துக்காக லூயி பாரீசுக்குப் போக நேர்ந்த நாட்களில் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். வியாபாரச் சேதி மட்டுமல்ல, உன்னைப் பிரிந்திருப்பது எனக்குக் கடினம் என்பதும் அதில் இருந்தது. பணம் வந்ததா என்று கேட்க ஒரு அழைப்பு, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்க வாரத்தில் குறித்த நேரத்தில் இன்னொரு அழைப்பு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

இனி மாமியார்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மகனும் மருமகளும் சேர்ந்து புறப்பட்டால், "பிள்ளையை விட்டுவிட்டுச் சோடி போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள்" என்று சொல்லாதீர்கள். பேரப்பிள்ளையை நீங்கள் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் மிகப் பெரிய தர்மம். பெரியவர்கள் இல்லாத வீடுகளுக்கு அன்பியத்தில் அடுத்த வீட்டார் உதவலாம். இந்த வாரம் உங்கள் பிள்ளைகள் எங்கள் வீட்டில், அடுத்த வாரம் எங்கள் பிள்ளைகள் உங்கள் வீட்டில்.

கடைசியாக, பங்குத் தந்தை அவர்கள் மன்னிக்க வேண்டும், பங்குப் பேரவையிடமே ஒரு விண்ணப்பம். திங்கள் பேரவை, செவ்வாய் பாடகர் குழு, புதன் வின்சென்ட் தே பவுல் சபை, வெள்ளி அன்பியப் பொறுப்பாளர் கூட்டம். பங்குக்காக உழைக்கும் அண்ணன்மார் பலர் இரவு ஒன்பது மணிக்குமுன் வீடு திரும்புவதில்லை. கோவில் வேலை என்பதால் அவர்கள் மனைவியர் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பொன்விழா ஆண்டின் நினைவாக, வாரத்தில் ஒரு மாலை நம் பங்கில் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்று பேரவை தீர்மானம் போட வேண்டுகிறோம். வியாழன்தான் வேண்டும் என்பதில்லை, எந்தக் கிழமையானாலும் எங்கள் கிழமையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். அந்த மாலையில் மறைக்கல்விக் கூடத்தைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள இளைஞர் மன்றத்தில் ஆறு பேர் முன்வந்திருக்கிறார்கள். சாவி மட்டும் பங்குத் தந்தையிடம் இருக்கிறது.