காதில் கருவி வைத்த பிள்ளையும் கையில் இருக்கும் போனும்

(லுணுகலை தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று காலை கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஓர் அம்மா கேட்டார்: "பிள்ளைக்குக் காதுல ஒபரேஷன் செஞ்சாச்சு. இன்னும் எத்தனை தடவைதான் கொழும்புக்கு அலையிறது?" அந்தக் கேள்விக்கே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கொக்லியர் கருவிக்கு இரண்டு பாகம். ஒன்றை டொக்டர் ஒபரேஷன் செய்து தோலுக்கு அடியில் வைப்பார். அதன் மெல்லிய கம்பி, உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட பகுதிக்குள் போகும். மற்றப் பாகம் காதுக்கு வெளியே மாட்டுவது. அது சத்தத்தைப் பிடித்து உள்ளே அனுப்பும். உள்ளே இருப்பது அதை மின்துடிப்பாக்கி நரம்புக்குக் கொடுக்கும். 1978இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் டொக்டர் கிரேம் கிளார்க் தமது கருவியை முதன்முதல் ஒருவருக்கு வைத்தார். அவருடைய தகப்பனாரும் காது சரியாகக் கேட்காதவர்தான்.

ஒபரேஷனோடு வேலை முடியாது. ரேடியோவை வாங்கினால் போதுமா, ஸ்டேஷன் பிடிக்க வேண்டாமா? அதுபோல ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு சத்தம் தேவை என்று கம்ப்யூட்டரில் அளந்து வைக்க வேண்டும். இதை 'மெப்பிங்' என்பார்கள். முதல் வருடத்தில் பல தடவை செய்வார்கள்.

இங்கேதான் நாம் தவறுகிறோம். லுணுகலையிலிருந்து பசறை, பதுளை, அப்புறம் கொழும்பு. இரண்டு நாள் பேர் போகும். பஸ் காசு வேறு. "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு தடவை விடுவோம், அடுத்ததையும் விடுவோம். அளவு தப்பினால் பிள்ளைக்கு அது வெறும் இரைச்சல், கழற்றி எறிந்துவிடும். பேச்சு படிகிற வயதும் போய்விடும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஒபரேஷனை இலவசமாகச் செய்வதும் அந்த வயதை நினைத்துத்தான்.

இப்போது போன் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2017இல் அமெரிக்காவில், கருவியோடு 6 மாதம் பழகியவர்களுக்குத் தூரத்திலிருந்தே அளவு மாற்ற அனுமதி கிடைத்தது. அதன்பின் கருவிக் கம்பெனிகளின் 'அப்' வந்தது. காந்தம் ஒட்டும் இடத்தைப் போட்டோ எடுக்கச் சொல்லும். கேள்வி கேட்கும். சத்தங்களையும் எண்களையும் கேட்கவைத்துப் பதில் வாங்கும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கருவியை மாட்டியிருந்தது என்பதும் போகும். நிபுணர் தமக்கு நேரமுள்ளபோது பார்த்து, "எல்லாம் சரி" என்பார், அல்லது "வாங்க" என்பார்.

ஆனால் எல்லாக் கருவிக்கும், எல்லாப் போனுக்கும் இது பொருந்தாது. ஆஸ்பத்திரியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இரண்டு கேள்வி கேளுங்கள்: "எங்க பிள்ளையோட கருவியைப் போன்ல பார்க்கலாமா? எதுக்கெல்லாம் நேர்ல கட்டாயம் வரணும்?" சின்னப் பிள்ளைகளால் பரிசோதனைக்குப் பதில் சொல்ல முடியாது, அவர்களை நேரில் காட்ட வேண்டும். தோல் சிவந்தால், வீங்கினால், காய்ச்சல் வந்தால், போனை நம்பி இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம்ம மலையில் மழையும் பனியும் அதிகம். இரவில் வெளிப்பாகத்தைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மருந்து உள்ள டப்பாவில் வையுங்கள்.

இன்னொன்று. பேச்சை போன் கற்றுத்தராது. ரொட்டி தட்டும்போதும் தண்ணி பிடிக்கும்போதும் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுங்க. பிள்ளை மடுவத்து அக்காவிடமும் சொல்லி வையுங்க.

அடுத்த கிளினிக்கில் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்கிவந்து நம்ம கூட்டத்தில் சொல்லுங்க. பக்கத்து லயத்துப் பிள்ளைக்கும் உதவும்.