தேக்கடிக்குப் போகுமுன்
(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அடுத்த மாதம் நாம் எல்லோரும் தேக்கடி போகிறோம். அந்த இடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர்.

குமுளிக்கு அப்பால் நாம் படகில் போகப்போகும் நீர்ப்பரப்பை இயற்கை ஏரி என்றே பலரும் நினைக்கிறார்கள். அது முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகைக்கு வருகிறது. மதுரையில் நம் வீட்டுக் குழாயில் வருவதில் அந்தத் தண்ணீரும் உண்டு.

நீருக்கு நடுவே கறுத்த மரக்கட்டைகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. மூழ்காத காடுதான் இன்றும் மழையை வாங்கி, மண் அரிக்காமல் பிடித்து, நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 1978-இல் அது புலிகள் காப்பகமானது.

சட்டம் மட்டும் அந்தக் காட்டைக் காப்பாற்றிவிடவில்லை. ஒரு காலத்தில் அங்கே திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து விற்றவர்களில் சிலரை வனத்துறை அழைத்துப் பேசி, குழுவாகச் சேர்த்து, வழிகாட்டிகளாக்கியது. மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டுகிறார்கள். காடு நின்றால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அதனால் அவர்களே காவலும் காக்கிறார்கள்.

நம் பயணத் திட்டத்தில் படகு மட்டும்தான் இருக்கிறது. காலையில் ஒரு காட்டு நடையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நாம் கட்டும் கட்டணம் அந்தக் குடும்பங்களுக்கு வேலை தருகிறது. அதுவும் நம் தண்ணீருக்குச் செய்யும் செலவுதான். சிறு சிறு குழுவாகத்தான் விடுவார்கள். அட்டைக்கடிக்குத் தனிக் காலுறை உண்டு. பளிச்சென்ற நிறத்தில் உடை வேண்டாம். கைபேசியில் பாட்டும் வேண்டாம். மூட்டுவலிக்காரர்கள் படகோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே நீரில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆகவே உயிர்காப்பு உடையை யாரும் கழற்றக் கூடாது. கரையில் யானையே வந்து நின்றாலும் இருக்கையை விட்டு எழக் கூடாது. பேரப்பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

நடைக்கு வருபவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முன்பதிவு செய்ய வசதியாக இருக்கும்.