அரிப்புக் கடலோரத்து மாளிகை

சென்ற தவணையிலே பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு படத்தைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். கிரேக்க நாட்டுத் தீவொன்றிலே, கடலை நோக்கி நிற்கும் வெண்ணிற மாளிகையின் படம் அது. முற்றத்திலே நீச்சற்குளம், அதற்கப்பால் நீலக் கடல். விடுமுறைக்கு வரும் செல்வர்களுக்கு அதனை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்களாம். கணக்கிட்டுப் பார்த்தோம். நம் நாட்டு ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துப் பெறும் சம்பளம் அங்கே ஒரே வாரத்திற் கரைந்துவிடும். "இப்படி ஒரு வீட்டை நாங்கள் எங்கே காணப்போகிறோம், ஐயா?" என்றாள்.

"வெகுதூரம் போகவேண்டாம், பிள்ளை. நமக்கு மேற்கே அரிப்பிலே ஒன்று உண்டு. அதுவும் கிரேக்கப் பாணியிலேயே கட்டப்பட்டது. ஆனால் விரைந்து போகவேண்டும். கடல் அதனைத் தின்றுகொண்டிருக்கிறது" என்றேன்.

வன்னி நிலத்தினூடாக ஓடிவரும் அருவியாறு, மன்னார் மாவட்டத்திலே அரிப்புக்கு அருகிற் கடலோடு கலக்கின்றது. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679ஆம் ஆண்டில் இவ்வாற்றின் போக்கைப் பற்றிக்கொண்டு தப்பி வந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அக்கோட்டை வேறு, நான் சொல்லவந்த மாளிகை வேறு. கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில், கடலோரத்து மேட்டிலே, அது இடிந்த சுவர்களோடு நிற்கின்றது. அவ்வூர் மக்கள் அதனை 'அல்லிராணிக் கோட்டை' என்பர். முத்துக்கடலுக்கு அரசியாக விளங்கிய அல்லியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் வேறெப்படி அழைப்பார்கள்? ஊரார் சூட்டிய பெயரைத் திருத்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஆயினும் கட்டியவள் அல்லியல்லள்.

கட்டியவர் பிரெடெரிக் நோர்த் என்னும் பிரபு. 1798 முதல் 1805 வரை இலங்கையை ஆண்ட முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி அவரே. கிரேக்க மொழியிலும் கிரேக்கப் பண்பாட்டிலும் அவருக்கிருந்த காதல் சாதாரணமானதன்று. இலங்கைக்கு வருமுன்னரே, 1791இல், கோர்பு என்னும் கிரேக்கத் தீவிலே கிரேக்கத் திருச்சபையிற் சேர்ந்தவர் அவர். ஆகவேதான் மன்னார்க் கரையிலும் கிரேக்கத்தின் 'டொரிக்' முறைத் தூண்களை நிறுத்த அவருக்கு மனம் வந்தது. 1801க்கும் 1804க்கும் இடையில் அம்மாளிகை எழுந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரே 'டொரிக்' என்றாயிற்று.

கிரேக்கத்திலே சலவைக்கல் உண்டு, அரிப்பிலே ஏது? செங்கல்லால் எழுப்பி, சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைப் பூசி மெருகேற்றினார்கள். வெண்கல் மாளிகை போலவே அது ஒளிவிட்டதாம். அக்காலத்திற் கொழும்பிலே படைக்குருவாக இருந்த கோர்டினர் என்பவர் 1807இல் வெளியிட்ட நூலில் இம்மாளிகையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

மேல்மாடியில் நிற்பவருக்குக் கடற்காற்றும் உண்டு. கருவூலமும் கண்முன்னே உண்டு. ஏனெனில் அக்கடல் முத்துக்கடல். சலாபம் கூடுங் காலத்தில் ஆளரவமற்ற அந்த மணற்கரை திடீரென்று ஒரு பட்டினமாகிவிடும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், அரபு நாடுகளிலிருந்துங்கூடக் குளிகாரர் வந்து சேர்வர். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். நண்பகலில் எழுங் கடற்காற்றிலே திரும்பும். குளிகாரன் கயிற்றிற் கட்டிய கல்லிலே காலை வைத்து, ஐந்து முதற் பத்துப் பாகம் வரை ஆழ்ந்து, ஒரு நிமிட நேரத்துக்குள் அகப்பட்ட சிப்பியைக் கூடையில் வாரிக்கொண்டு மேலெழ வேண்டும். ஒரே நாளில் இவ்வாறு நாற்பது ஐம்பது முறை. சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் கடல்கட்டிகளையும் அரசாங்கமே அமர்த்தியிருந்தது. அவர்கள் கரையில் நின்றாலன்றிக் குளிகாரர் நீரில் இறங்கமாட்டார். இத்தனை பாட்டுக்கும் கூலி, எடுத்த சிப்பியில் ஒரு பங்கு மாத்திரம். அச்சிப்பியிலே முத்து இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். அரசாங்கத்தின் பங்கோ பெரும்பங்கு.

இம்மாளிகை எழுந்துகொண்டிருந்த காலத்தில் வன்னியில் என்ன நடந்தது? 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே ஆங்கிலேயத் தளபதி வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அப்படையும் நோர்த் பிரபுவின் ஆட்சிப் படையே. அதே 1803இல், செலவைக் குறைக்கும்படி இலண்டனிலிருந்து வந்த கட்டளையினால் கிராமப் பாடசாலை ஆசிரியர்களின் சம்பளம் நின்றுபோயிற்று. அப்பாடசாலைகளைத் திறந்து வளர்த்தவரும் இதே நோர்த்தான் என்பதை மறைத்தல் நேர்மையன்று. கட்டளை இலண்டனது. ஆனாலும் அந்த ஆண்டிலும் அரிப்பிலே தூண்கள் உயர்ந்துகொண்டுதான் இருந்தன என்பதை ஒரு பாடசாலை அதிபராகிய என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

பின்னர் அவர் மீண்டும் கோர்புத் தீவுக்குச் சென்றார். அத்தீவும் அப்போது ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்தது. அங்கே 1824இல் அயோனிய கலாபீடத்தை நிறுவினார். நவீன கிரேக்கத்தின் முதற் பல்கலைக்கழகம் என்று அதனைப் போற்றுகிறார்கள். மக்களின் சொந்த மொழியாகிய கிரேக்கத்திலேயே அங்கு கல்வி புகட்டப்பட்டது. பழங்காலக் கிரேக்கரைப் போல ஆடையணிந்து அவர் அங்கே உலாவுவாராம், கண்டோர் சிரித்தனர். நான் சிரிக்கமாட்டேன். பிறிதொரு மக்களின் மொழியை அவ்வளவு மதித்த ஒருவர், இங்கே நம்மிடையே ஏழாண்டு இருந்தும் நமக்கு அத்தகைய கலாபீடம் ஒன்றை விட்டுச் செல்லவில்லையே என்ற ஏக்கந்தான் எழுகின்றது. கோர்புக்குக் கலாபீடம், நமக்கு ஒரு கடலோர மாளிகை.

"அப்படியானால் அது இடிந்துபோனால் என்ன, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் மாணாக்கரை அழைத்துக்கொண்டு அரிப்புக்குப் போனேன்.

மேட்டின் அடிமண்ணைக் கடலலை அரித்துவிட்டது. சுவர்களிற் பல சரிந்து கரையிலே துண்டங்களாய்க் கிடக்கின்றன. சிறிது நேரம் எல்லோரும் பேசாமல் நின்றோம். பிறகு படம் கொண்டுவந்த அந்த மாணவி, விழுந்து கிடந்த ஒரு காரைத் துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தாள். அதனுள்ளே சரியாக வேகாத சிப்பித் தூள் ஒன்று மினுங்கிற்று. "இதை ஆர் கடலுக்குள்ளிருந்து எடுத்தது?" என்று கேட்டாள்.

பெயர் தெரியாது, நேயர்களே. 1925க்குப் பின் அங்கே பெருஞ் சலாபம் கூடவில்லை. குளித்தவர்களுக்கு நினைவுக்கல் இல்லை, பட்டியல் இல்லை. பிரபுவின் சுவரிலே பூசப்பட்ட சுண்ணாம்பிலேதான் அவர்கள் மூச்சடக்கி எடுத்த சிப்பி எஞ்சியிருக்கிறது. அந்தச் சுவரைக் காக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அவர்கள் பொருட்டே. கரையிலே கல்லணை இட்டு அலையைத் தடுப்பது பொறியியலாளரின் வேலை. தூணைத் தாங்கி நிறுத்துவது தொல்பொருளாளரின் வேலை. பாடசாலைகளாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதைச் செய்யத் தொடங்கிவிட்டோம். எஞ்சிய சுவரின் மூலையிலிருந்து மேட்டின் விளிம்புவரை கயிறு பிடித்து அளந்து, நாளும் நேரமும் குறித்து, பாடசாலைப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறோம். படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் தூண்களை ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார்கள்.

அந்தக் காரைத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று மாணவி கேட்டாள். வேண்டாமென்றேன். சுவரின் அடியிலே, அலை எட்டாத பக்கத்தில் அதனை வைத்துவிட்டு பஸ் வண்டியில் ஏறினாள். மாரி மழை ஓய்ந்ததும், அதே கயிற்றோடு மறுபடியும் போகவிருக்கிறோம்.