பழைய கணினியும் புதிய வரைகலை அட்டையும்

பத்து ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினி ஒன்று வீட்டில் இருக்கின்றது. எழுத்து வேலைக்கு அது இன்றும் உதவுகின்றது. ஆயின், வீட்டுப் பிள்ளை முப்பரிமாணப் படம் வரைய முற்பட்டாலோ, புதிய விளையாட்டொன்றை ஆடத் தொடங்கினாலோ திரை தடுமாறுகின்றது. 'கிராபிக்ஸ் காட்டை மாற்றினாற் சரியாகிவிடும்' என்று அயலார் கூறுவர். சரியாகுமா, ஆகாதா என்பதைப் பணங் கொடுக்கு முன்னரே நாம் அறிந்துகொள்ளலாம்.

1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. அவற்றின் நிறத்தை விநாடிதோறும் பன்முறை கணித்துத் தருவதே கிராபிக்ஸ் காட் எனப்படும் வரைகலை அட்டையின் தொழில். எவ்வெப் பொருளை வரையவேண்டும் என்று அதற்குக் கட்டளையிடுவது கணினியின் செயலி. ஆதலால், குறை எங்கேயுள்ளது என்பதை முதலிற் காணவேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலுள்ள டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். தடுமாற்றம் நிகழும்போது வரைகலை அட்டை நூற்றுக்கு நூறாக உழைக்க, செயலி ஓய்வாக இருப்பின் புதிய அட்டை பயன்தரும். செயலியே திணறுமாயின் அட்டையை மாற்றுவதாற் பெரும்பயன் இல்லை. கணினி தொடங்குவதும் கோப்புகள் திறப்பதுமே தாமதமெனின், வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதே தக்கது.

அடுத்தது மின்வலு. தாய்ப்பலகையின் செருகுவாய் அட்டைக்கு 75 வாற்று வரையே வழங்கும். அதற்கு மேல் வேண்டுமாயின் மின்வழங்கியிலிருந்து தனி வடம் வரவேண்டும். ஆறு முனை வடம் 75 வாற்றும், எட்டு முனை வடம் 150 வாற்றும் தருவதற்கென அமைந்தவை. மின்வழங்கியின் மேல் ஒட்டிய தாளில் 12 வோல்ற்றுக்கு எதிரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் எனின், பன்னிரண்டாற் பெருக்க 216 வாற்று. செயலியும் விசிறிகளும் அட்டையும் இதற்குள்ளேயே அடங்கவேண்டும். வடத்தின் முனையை மாற்றும் இணைப்பி ஒன்றை வாங்குவதால் மின்வலு பெருகிவிடாது. 2019இல் வெளிவந்த ஜிரிஎக்ஸ் 1650 அட்டையிற் பல வகைகள் தனி வடமின்றியே இயங்குவதால், பழைய கணினிகளுக்கு அவை ஏற்றவையாயின.

மூன்றாவது, இடம். அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒடுங்கிய கணினிகளில் அரை உயர அட்டையே பொருந்தும். புதிய அட்டை பெரும்பாலும் பழைய செருகுவாயிலும் இயங்கும். ஆயினும், 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400 நான்கு தரவுப் பாதைகளையே பயன்படுத்துவதால், பழைய தாய்ப்பலகையில் அதன் வேகம் குறையும். உங்கள் திரை பழைய நீலநிற விஜிஏ முனையுடையதாயின், புதிய அட்டைகளில் அதற்கு இடமில்லை. மாற்றி ஒன்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பொருத்துவது கடினமன்று. கணினியை நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றி, பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டபின் வேலையைத் தொடங்குங்கள். பழைய அட்டையின் ஆணியையும் செருகுவாயின் பூட்டையும் விடுவித்து அதனை எடுத்து, புதியதைச் சீராக அழுத்தி முடுக்குங்கள். திரையின் வடத்தைத் தாய்ப்பலகையிலன்றி அட்டையிலேயே பொருத்துங்கள். பின்னர் அதற்குரிய இயக்கி மென்பொருளை நிறுவுங்கள்.

அட்டையோடு மின்வழங்கி, செயலி ஆகியவற்றையும் மாற்ற நேரின், அச்செலவு முழுவதையும் கூட்டிப் பாருங்கள். அத்தொகை நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியின் விலையை நெருங்குமாயின், பழையதை எழுத்து வேலைக்கே விட்டுவிடுவது சிக்கனமாகும். ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வீணாகாதிருக்க, அரை மணி நேரச் சோதனை போதும்.